எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை: மண்டபத்து வீடு ஒன்றில் மூன்று தடவை போய்ப் பார்த்த கேஸ்

எங்கள் கடற்கரையில் எந்தச் சாமான் கெட்டாலும் முதல் குற்றவாளி உப்புக்காற்றுதான். ஃபேன் கத்தினால் உப்புக்காற்று, இரும்பு கேட் அரித்தால் உப்புக்காற்று, டிவி ரிமோட் மக்கர் பண்ணினால் அதுவும் உப்புக்காற்று. பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கிறது, அதனாலேயே மீதிப் பாதி நேரத்தில் வேறு எதையும் யோசிக்க விடாது. போன மே மாதம் மண்டபத்தில் சித்தப்பா வீட்டிலிருந்து "நெட் வருதுப்பா, ஆனா வரல" என்று போன் வந்தபோது நானும் முதல் நாள் முழுக்க உப்பைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன்.

நான் ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறேன். விண்டோஸ் போடுவது, கேமரா மாட்டுவது, கேபிள் இழுப்பது, இதுதான் பிழைப்பு. ஒரு வீட்டு நெட்வொர்க்குக்காக உச்சிப்புளி தாண்டி மூன்று தடவை பஸ் ஏறினேன் என்று சொன்னால் கடையில் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஒரு வீட்டுக்குள் மூன்று தனித்தனி கோளாறு உட்கார்ந்திருந்தது, மூன்றுமே பெயரை எண்ணாக மாற்றுகிற இடத்தில்தான், இருந்தும் ஒன்றுக்குச் செய்த வைத்தியம் மற்றொன்றுக்குக் கேட்கவில்லை. நாலாவதாக ஒன்றை நானே உண்டாக்கினேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வீடும் கம்பெனியும்

சித்தப்பா நண்டு எடுக்கிறார். வடகடலில் வலை விட்டு வருகிற நாட்டுப்படகுக்காரர்களிடம் விடியற்காலையில் எடை போட்டு வாங்கி, தரம் பிரித்து, ஐஸ் போட்டு, தூத்துக்குடிக்கு ஏற்றிவிடுவார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், நாட்டுப்படகுக்கு அந்தத் தடை கிடையாது, ஆகவே இவர் வீட்டில் மே மாதமும் தராசு ஓயாது. யார் எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்கிற சிட்டை முழுவதும் முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டரில். அதற்கு ஆபீஸ்-பிசி என்று பெயர் வைத்திருந்தோம். சிட்டை ஃபோல்டரை ஷேர் போட்டிருந்ததால் மாடியில் தங்கச்சி, சித்தப்பா மகள், ராத்திரி சாப்பிட்டுவிட்டு அவளுடைய லேப்டாப்பிலிருந்தே அதைத் திறந்து அன்றன்றைய கணக்கை ஏற்றிவிடுவாள். பிரிண்டரும் கீழே அந்த கம்ப்யூட்டரில்தான்.

ஏப்ரல் கடைசியில் பழைய இன்டர்நெட் இணைப்பை வெட்டிவிட்டு, வேறு ஒருவரிடம் ஃபைபர் இணைப்பு வாங்கினார்கள். வந்த பையன் புதுப் பெட்டியை முன்னறையில் மாட்டினான். மாடிக்கு சிக்னல் ஏறாது என்று சித்தி சொன்னதும், சும்மா கிடந்த பழைய ரூட்டரை எடுத்து மாடியில் வைத்து, கீழிருந்து ஒரு கேபிளை இழுத்துச் சொருகி, "மேலயும் ஃபுல் சிக்னல், பாருங்க" என்று காட்டிவிட்டுப் போய்விட்டான். நல்ல மனசுதான்.

அன்றிலிருந்து இரண்டு புகார். கீழே ஆபீஸ்-பிசியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் சட்டென்று வரும், வந்தபின் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், அப்புறம் மறுபடி பழைய கதை. மாடியில் தங்கச்சி லேப்டாப்பில் நெட் பறக்கிறது, ஆனால் சிட்டை ஃபோல்டர் திறக்கவில்லை, நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று 80070035 என்று முடிகிற ஒரு எண்ணைக் காட்டுகிறது. போன்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. இரண்டு புகாரும் ஒரே நாளில் பிறந்தவை என்பதால் வீட்டில் எல்லாரும் ஒரே வியாதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும்.

முதல் நாள்

போனதும் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். ஆர்ஜே-45 முனையில் பச்சையாகக் களிம்பு. கேட்க வேண்டுமா, சித்தப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அதான் நான் அப்பவே சொன்னேன், உப்பு" என்றார். முனைகளை எல்லாம் வெட்டிப் புதிதாக கிரிம்ப் பண்ணினேன், ஒரு பழைய நெட்வொர்க் ஸ்விட்சைத் தூக்கிப் போட்டேன், மாடிக்குப் போகும் வயரை ஜன்னலுக்கு வெளியே போகாமல் உள்பக்கமாகத் திருப்பினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. எல்லா விளக்கும் பச்சையாக மினுக்கியது. புகார் இரண்டும் அப்படியே இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் புத்திக்கு உறைத்தது. கேபிள் கெட்டிருந்தால் எல்லாமே தடுமாற வேண்டும், வீடியோ நடுவில் அறுந்து போக வேண்டும். இங்கே ஆரம்பிக்கிறபோது மட்டும்தான் திணறல், ஆரம்பித்த பிறகு திணறலே இல்லை. பாதை தெரிந்த பிறகு வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, பாதை கேட்கிற இடத்தில்தான் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிஷச் சோதனை போதும், அதைச் செய்யாமல் ஒரு பகல் முழுக்க வயர் வெட்டியிருக்கிறேன்.

இரண்டாவது தடவை: யாரிடம் கேட்கிறாய்?

அந்த இரண்டு நிமிஷச் சோதனை இதுதான். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து முதலில் எண்ணுக்கு பிங் ("இருக்கியா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கட்டளை) அடிக்க வேண்டும், பிறகு பெயருக்கு. ஆபீஸ்-பிசியில் கூகுள் சர்வர் ஒன்றின் எண்ணான 8.8.8.8-க்கு அடித்தேன், நாலு பாக்கெட்டும் திரும்பி வந்தது, ஒன்றுகூடத் தொலையவில்லை. ஒரு செய்தித் தளத்தின் பெயரைப் போட்டு அடித்தேன், கர்சர் அப்படியே நின்றது, பிறகு பதில் வந்தது. கேபிளுக்கும், வெளியே போகும் வாசலான கேட்வேக்கும் அங்கேயே விடுதலை. (பிரவுசரை வைத்துச் சோதிக்காமல் கருப்புத் திரைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. இப்போதைய பிரவுசர்களில் பல, பெயருக்கு எண் கேட்கிற டிஎன்எஸ் கேள்வியை ஹெச்டிடிபிஎஸ் என்கிற பூட்டிய உறைக்குள் சுற்றி, கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருப்பவரை விட்டுவிட்டு வேறு இடத்தில் நேராகக் கேட்கக்கூடியவை. அந்த அமைப்பு போட்டிருந்தால் ஒரு பிரவுசர் நன்றாக ஓடும், மற்றொன்று ஓடாது, நாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.)

சித்தப்பாவுக்கு இதைப் படகை வைத்துத்தான் சொன்னேன். படகுக்குப் பதிவு எண் ஒன்று, பெயர் ஒன்று. மனிதர்கள் பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள், ஆபீஸில் சீட்டு போடுவது எண்ணை வைத்து. நெட்டும் எண்ணைத்தான் பார்க்கும். நாம் பெயரைத் தட்டியதும் அந்தப் பெயருக்கு எந்த எண் என்று கம்ப்யூட்டர் போய் ஒருவரைக் கேட்கும், அவர்தான் டிஎன்எஸ் சர்வர். "உங்க கம்ப்யூட்டர் யாரிடம் கேக்குதுன்னு பாத்தா போதும் சித்தப்பா, அது ஆளே இல்லாத கடையில நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தா என்ன பண்றது" என்றேன். சொன்னபோது அது சும்மா ஒரு உவமைதான். பார்த்தால் அப்படியே இருந்தது.

ஐபிகான்ஃபிக் ஆல் என்று அடித்தால் அந்த விவரம் வரும். ஆபீஸ்-பிசிக்கு 192.168.1.20 என்று கையால் போட்ட நிலையான முகவரி. கேமராவுக்கும் பிரிண்டருக்கும் வசதி என்று இரண்டு வருஷம் முன்னால் நான்தான் போட்டது. அப்போது டிஎன்எஸ் இடத்தையும் காலியாக விட முடியாதே என்று முதலாவதாகப் பழைய இணைப்புக்காரருடைய சர்வரையும் இரண்டாவதாக 8.8.8.8-ஐயும் போட்டிருந்தேன். அந்த இணைப்பை வெட்டியாகிவிட்டது. இணைப்புக்காரர்களின் டிஎன்எஸ் சர்வர்கள் பொதுவாகத் தங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் பதில் சொல்லும், வெளியாள் கேட்டால் முடியாது என்று மறுக்கும், இல்லை கண்டுகொள்ளாமலே விடும். இங்கே இரண்டாவது ரகம். மறுத்திருந்தாலாவது உடனே அடுத்தவரிடம் போயிருக்கும். பதிலே இல்லாததால் ஒவ்வொரு புதுப் பெயருக்கும் விண்டோஸ் காத்திருந்து, சலித்து, பிறகுதான் 8.8.8.8-இடம் கேட்கிறது. பதில் தராதவரைக் கொஞ்ச நேரம் ஓரம் கட்டி வைக்கும், அதுதான் "கொஞ்ச நேரம் ஒழுங்கா ஓடுது", அப்புறம் மறுபடி அவரிடமே முதலில் போய் நிற்கும். ஒரு பக்கம் என்றால் ஒரு பெயர் என்றும் நினைக்க வேண்டாம். படம் ஒரு இடத்திலிருந்து, எழுத்து வேறு இடத்திலிருந்து, விளம்பரம் பத்து இடத்திலிருந்து என்று ஒரு செய்திப் பக்கமே டஜன் கணக்கில் பெயர் கேட்கும்.

என்எஸ்லுக்கப் என்கிற கட்டளையைப் போட்டதும் இது பளிச்சென்று தெரிந்தது. சர்வர் பெயர் தெரியவில்லை என்றும், 2 விநாடி காத்திருந்தும் பதில் இல்லை என்றும் வரிசையாகச் சொல்லியது. பிங் தாமதித்தாவது பெயரைக் கண்டுபிடிக்கிறது, என்எஸ்லுக்கப் சுத்தமாகக் கைவிரிக்கிறது. இதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. என்எஸ்லுக்கப் பட்டியலில் முதலில் இருக்கிறவரிடம் நேராகப் போய்க் கேட்கிறது, கம்ப்யூட்டர் ஞாபகத்தில் வைத்திருப்பதையோ அடுத்த ஆளையோ பார்ப்பதில்லை. பிங், விண்டோஸ் வழக்கமாகப் போகும் வழியில் போகிறது. இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால் அந்த வித்தியாசத்தில்தான் சமாசாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரத்தில் அதுவே இன்னொரு முறை உதவப் போகிறது.

சரி, வைத்தியம். முதல் சர்வரை அழித்துவிட்டு வேறு எண்ணைக் கையால் போட்டிருந்தால் அன்றைக்கு வேலை முடிந்திருக்கும், ஆனால் அடுத்து இணைப்பு மாறும்போது இதே கதை. அதனால் ஆபீஸ்-பிசியை முழுவதுமாகத் தானியங்கிக்கு மாற்றினேன், முகவரியும் டிஎன்எஸ்ஸும் ஃபைபர் பெட்டி கொடுக்கட்டும். முகவரி மாறாமல் இருக்க, பெட்டிக்குள் போய் இந்த கம்ப்யூட்டருடைய மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 192.168.1.20 என்று ஒதுக்கீடு போட்டுவிட்டேன். நிலையான முகவரி வேண்டும் என்றால் அதைப் பெட்டியில் போட வேண்டும், கம்ப்யூட்டரில் போடக்கூடாது. இரண்டு வருஷம் முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். கடைசியில் ஐபிகான்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ் போட்டுப் பழைய ஞாபகத்தைத் துடைத்தேன். தளங்கள் தட்டியதும் திறந்தன.

"அதையும் பாத்துரு"

ஒன்று சரியானால் போதும், ஒளித்து வைத்திருந்த பழைய புகாரெல்லாம் வெளியே வரும். "அப்படியே தூத்துக்குடிக்காரங்க தளத்தையும் பாத்துரு" என்றார் சித்தப்பா. சரக்கு எடுக்கிற ஏற்றுமதிக் கம்பெனி எடையை ஏற்றுவதற்கு ஒரு இணையதளம் வைத்திருக்கிறது. அது ஆபீஸ்-பிசியில் மாசக்கணக்கில் திறக்கவே இல்லையாம். இவர் போனில் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், "போன்லதான் வருதே" என்கிறார்.

என்எஸ்லுக்கப் இப்போது ஒழுங்காக ஒரு எண்ணைச் சொன்னது. பிங் அடித்தால் அதே பெயருக்கு வேறு ஒரு எண்ணைக் காட்டிவிட்டு, பதிலில்லாமல் நின்றது. அப்போதே புரிந்துவிட்டது, யாரிடமும் கேட்காமலே விண்டோஸ் ஒரு எண்ணைத் தெரிந்து வைத்திருக்கிறது. அது எங்கே எழுதியிருக்கும்? சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி, அதில் ஹோஸ்ட்ஸ் என்று, பெயருக்குப் பின்னால் .txt மாதிரி வால் இல்லாத ஒரு சின்னக் கோப்பு. நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்து பார்த்தால் கடைசி வரியில் அந்தத் தளத்தின் பெயரும் பழைய எண்ணும். கணக்கு மென்பொருள் மாட்ட வந்த யாரோ, அன்றைக்கு ஏதோ அவசரத்தில் எழுதிவிட்டுப் போனது. அந்தக் கம்பெனி பின்னால் சர்வரை மாற்றியிருக்கிறது, டிஎன்எஸ் உலகத்துக்கே தெரிந்துவிட்டது, இந்த ஒரு வரிக்கு மட்டும் தெரியவில்லை.

இந்தக் கோப்பு ஒரு பழைய காலத்து மிச்சம். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் எல்லா கம்ப்யூட்டரின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலாக ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் பராமரிக்கப்பட்டது, மற்றவர்கள் அதை நகலெடுத்து வைத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார், இப்போது நாம் ஓட்டிக்கொண்டிருப்பது 1987-ல் திருத்தி வெளியிட்ட அதன் வடிவத்தைத்தான். டிஎன்எஸ் தருகிற ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஆயுள் உண்டு, இத்தனை விநாடிக்கு மேல் இதை நம்பாதே, திரும்ப வந்து கேள் என்று சேர்த்தே சொல்லும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிய வரிக்கு ஆயுளும் இல்லை, சாவும் இல்லை. அந்த வரியை அழித்தேன், தளம் திறந்தது. சித்தப்பா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் டீ வந்தது.

மாடி

இனி தங்கச்சி லேப்டாப். இதற்குள் அவள் காலேஜில் கூடப் படித்த யாரோ சொல்லி டிஎன்எஸ்ஸில் 8.8.8.8 போட்டுப் பார்த்திருந்தாள். "போட்டும் வரலண்ணே" என்றாள். வராது. ஊர் முழுக்க இது ஒரு சர்வரோக நிவாரணி ஆகிவிட்டது. 2009-லிருந்து கூகுள் நடத்துகிற பொது டிஎன்எஸ் அது, நல்ல சர்வர்தான், ஆனால் அதற்கு மண்டபத்தில் ஒரு வீட்டு முன்னறையில் இருக்கிற ஆபீஸ்-பிசியை எப்படித் தெரியும்? நம் தெருவில் எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லித் தெருவுக்குள் கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும், சென்னையில் போய்க் கேட்டால் யாருக்குத் தெரியும்.

வீட்டுக்குள் இருக்கும் பெயர்களுக்கு விண்டோஸ் வேறு வழி வைத்திருக்கிறது. கேட்பதற்கென்று ஒரு ஆள் கிடையாது, தெருவில் நின்று கத்த வேண்டியதுதான். "ஆபீஸ்-பிசி யாருப்பா?" என்று நெட்வொர்க் முழுக்கக் கூவும், அந்தப் பெயர் உள்ள கம்ப்யூட்டர் "நான்தான், என் எண் இது" என்று பதில் கொடுக்கும். கூவும் முறை மூன்று. பழைய நெட்பயாஸ் 137-ஆம் போர்ட்டில் (கம்ப்யூட்டருக்குள் எண் போட்ட வாசல்) கூவும், எல்எல்எம்என்ஆர் 5355-ல், எம்டிஎன்எஸ் 224.0.0.251 என்கிற முகவரிக்கு 5353-ல். பெயர்கள் எதுவானாலும் மூன்றும் கூச்சல்தான், மூன்றுக்கும் ஒரே பலவீனம்: ரூட்டரைத் தாண்டிச் சத்தம் போகாது.

லேப்டாப்பின் முகவரியைப் பார்த்தேன். 192.168.0.103. கீழே ஆபீஸ்-பிசி 192.168.1.20. நடுவில் ஒரு இலக்கம்தான் வேறு, ஆனால் இரண்டும் வேறு தெரு. அந்தப் பையன் கீழிருந்து வந்த கேபிளை மாடி ரூட்டரில் வெளி இணைப்புக்கான வேன் (WAN) போர்ட்டில் சொருகியிருந்தான். அப்படிச் சொருகினால் அந்த ரூட்டர் கீழே இருப்பதை வெளியுலகம் என்று நினைத்துக்கொண்டு, மாடியில் தனக்கென்று தனி நெட்வொர்க் கட்டி, நடுவில் சுவராக உட்கார்ந்துவிடும். நெட் பறக்கும், அதில் சந்தேகமே வராது. பழைய இணைப்பு இருந்தபோது லேப்டாப்பும் கம்ப்யூட்டரும் கீழே ஒரே ரூட்டரில் இருந்தன, கூவினால் கேட்டது.

உறுதி செய்ய, லேப்டாப் விண்டோஸின் ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, பெயருக்குப் பதிலாக 192.168.1.20 என்று அடித்தேன். சிட்டை ஃபோல்டர் ஜம்மென்று திறந்தது. மாடியிலிருந்து கீழ்நோக்கிப் போகிற போக்குவரத்துக்குச் சுவரில் கதவு உண்டு, கூச்சலுக்குத்தான் இல்லை. எண்ணுக்குத் திறக்கிறது, பெயருக்குத் திறக்கவில்லை, கீழே கம்ப்யூட்டரில் பார்த்த அதே அடையாளம், ஆனால் முழுக்க வேறு காரணம். இதைக் காட்டியதும் தங்கச்சி, "அப்ப நான் நம்பரையே போட்டுக்கிறேன், விடுண்ணே" என்றாள். அவள் சொன்னபடி விட்டிருக்கலாம், அடுத்து நடந்த கூத்து நடந்திருக்காது. பிரிண்டரும் பெயரில்தானே மாட்டியிருக்கிறது, ஒழுங்காகவே செய்துவிடுவோம் என்று நான்தான் இறங்கினேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாடி ரூட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பிலிருந்து அதற்குள் நுழைந்து, டிஹெச்சிபி வேலையை, அதாவது உள்ளே வரும் கருவிகளுக்கு முகவரி வழங்குவதை, நிறுத்த வேண்டும், முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும், பிறகு கேபிளை வேன் போர்ட்டில் இல்லாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட் ஒன்றில் சொருக வேண்டும். அதோடு ரூட்டர் ரூட்டராக இருப்பதை விட்டுவிட்டு வெறும் வைஃபை கம்பமாக ஆகிவிடும். நான் டிஹெச்சிபி பக்கத்தில் நிறுத்து என்று டிக் பண்ணினேன், சேமிக்கிற பொத்தானை அமுக்காமலே அடுத்த பக்கத்துக்குப் போய் முகவரியை மாற்றினேன், ரூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. டிக் போன இடம் தெரியவில்லை. நான் திரும்பப் பார்க்கவும் இல்லை. லேப்டாப்பில் பெயரைப் போட்டுப் பார்த்தேன், ஃபோல்டர் திறந்தது, பிரிண்டரும் வந்தது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

விடிகாலை 5 மணி

போனில் சித்தி. "ஏப்பா, எதுலயுமே நெட்டு இல்ல, வாட்ஸப்பும் வரல, எடை போட ஆள் வந்து நிக்கிறாங்க." எதிலுமே இல்லை என்பது மிகை, சித்தப்பா போனில் இருந்தது, சித்தி போனிலும் எடைபோடுகிற பையன் போனிலும் இல்லை. இந்தக் கலப்படம்தான் துப்பு. சித்தி போனில் வைஃபை விவரத்தைத் திறந்து கேட்வே என்ன எண் என்று படிக்கச் சொன்னேன். 192.168.1.2. அட ராமா.

ஒரே தெருவில் முகவரி கொடுக்கிறவர் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். புதிதாக உள்ளே வரும் ஒவ்வொரு போனும் "எனக்கு ஒரு முகவரி வேணும்" என்று கூவும், யார் முதலில் கொடுக்கிறாரோ அவரிடம் வாங்கிக்கொள்ளும். கீழ்ப் பெட்டியிடம் வாங்கியவர் பிழைத்தார். மாடி ரூட்டரிடம் வாங்கியவருக்கு "வெளியே போகும் வழியும் நான்தான், பெயர் கேட்கவும் என்னிடமே வா" என்று அது சொல்லி அனுப்பியிருக்கிறது, அதற்கோ வெளியுலகத் தொடர்பே கிடையாது. முந்தின ராத்திரி நான் சோதித்த லேப்டாப் அதிர்ஷ்டத்தில் கீழ்ப் பெட்டியிடம் வாங்கியிருந்தது, அதனால்தான் எல்லாம் சரி என்று கிளம்பிவிட்டேன். ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள்: இந்தக் கோளாறில் எண்ணுக்கு பிங் அடித்தாலும் போகாது. பெயருக்கு மட்டும் போகவில்லையா, எண்ணுக்குமே போகவில்லையா என்கிற அந்த முதல் கேள்வி இரண்டையும் பிரித்துவிடும்.

"மாடி ரூட்டரோட பிளக்கைப் பிடுங்குங்க சித்தி, எல்லாரும் வைஃபையை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னது சும்மா சடங்கு இல்லை. வாங்கிய முகவரிக்குத் தவணை உண்டு, சும்மா விட்டால் அந்தத் தவணையில் பாதி கழிந்த பிறகுதான் போன் மறுபடி வாய் திறக்கும், அதுவரை தப்பான விலாசத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிஷத்தில் எடை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாவது தடவை போனது அந்த டிக்கைப் போட்டு, சேமித்து, ரீஸ்டார்ட் செய்து, உள்ளே போய் அது நிற்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். கூடவே கீழ்ப் பெட்டியில் முகவரி வழங்கும் வரிசையை 10-லிருந்து ஆரம்பிக்கும்படி மாற்றினேன், 192.168.1.2-ஐ வேறு யாருக்கும் தப்பித்தவறிக் கொடுத்துவிடக்கூடாது. தங்கச்சி லேப்டாப்பில் போட்டிருந்த 8.8.8.8-ஐயும் எடுத்துவிட்டுத் தானியங்கிக்கு மாற்றினேன். அது இருந்ததால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, ஆனால் ஒரு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் வேறு ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த தடவை கோளாறு வரும்போது நான் திரும்ப முதலிலிருந்து துப்பறிய வேண்டும். பிறகு மாடியில் லேப்டாப், சித்தி போன், பையன் போன் என்று ஒவ்வொன்றையும் வைஃபையைத் துண்டித்துச் சேர்த்து, கேட்வே 192.168.1.1 என்று வருகிறதா என்று எண்ணி எண்ணிப் பார்த்தேன். ஒரு கருவியில் சோதித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிற பழக்கம் அத்தோடு போனது என்று சொல்ல ஆசை. போகவில்லை, குறைந்திருக்கிறது.

மாடி ரூட்டரின் வேன் போர்ட்டில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி மூடினேன், அடுத்து வருகிறவர் நல்ல மனசோடு அதில் சொருகிவிடாமல் இருக்க. ஒரு தாளில் எது எந்த எண், எதில் டிஹெச்சிபி இருக்கிறது, எதில் இல்லை என்று எழுதி, உப்புக்காற்று படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன்னறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். ஆடியில் போனபோது பார்த்தேன், உறையிலிருந்து தாளை உருவி, பின்பக்கத்தில் சித்தி பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். எண்கள் இருக்கிற பக்கம் தப்பித்துவிட்டது.